பெயர் சொன்னால்தான் கதவு திறக்கும்
பண்டை எகிப்தின் மறுஉலகச் சிறுதெய்வங்கள்

எகிப்தின் அரசர் பள்ளத்தாக்கில், செங்குத்தான பாறை இடுக்கு ஒன்றின் மேல் இருக்கிறது மூன்றாம் துத்மோஸ் மன்னனின் கல்லறை. கி.மு. 1425 வாக்கில் இறந்த இந்த மன்னனின் கல்லறையை 1898இல் கண்டுபிடித்தவர் விக்டர் லோரே என்ற பிரெஞ்சு ஆய்வாளர். மன்னனின் சவப்பெட்டி இருக்கும் அறைக்கு முன்னால் உள்ள அறையின் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கிறார்கள். கட்டத்துக்கு ஓர் உருவம், ஒரு பெயர். எண்ணிப் பார்த்தால் எழுநூறைத் தாண்டுகிறது. ஒசைரிஸ், ரா, ஐசிஸ் என்று நாம் கேள்விப்பட்ட தெய்வங்கள் இந்தக் கூட்டத்தில் ஒரு கைப்பிடிதான். மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கோயில் இல்லை, திருவிழா இல்லை, சொல்லிக்கொள்ளப் புராணக் கதைகூட இல்லை. பெயரும் வேலையும் மட்டும் உண்டு.

இவர்கள் வாழும் இடத்துக்கு எகிப்தியர் வைத்த பெயர் துவாத். மேற்கே மறையும் சூரியன் படகேறி இரவின் பன்னிரண்டு மணி நேரமும் கடந்து வருகிற உலகம் அது. அங்கே ஆறு ஓடுகிறது, மணல்வெளி இருக்கிறது, நெருப்பு ஏரி இருக்கிறது, வரிசையாக வாசல்கள் நிற்கின்றன. செத்தவரும் அதே வழியில் போக வேண்டும். அந்த வழியில் எதிர்ப்படுகிறவர்களை இன்றைய ஆய்வாளர்கள் பூதங்கள் என்ற பொருளில் குறிப்பிடுவதுண்டு. ஆனால் அதற்கு ஈடான ஒற்றைச் சொல் பண்டை எகிப்திய மொழியில் கிடையாது. கையில் கத்தியும் பாம்புத் தலையுமாகப் பயங்கரமாகத் தெரிந்தாலும், இவர்களைத் தீயவர்கள் என்று எகிப்தியர் நினைக்கவில்லை. வாசலில் நிற்கும் காவலாளி உள்ளே விட மறுப்பதால் கெட்டவனாகிவிடுவதில்லை; அது அவன் உத்தியோகம். அவனைத் தாண்டும் வழி, அவனுடைய பெயரைத் தெரிந்து வைத்திருப்பது.

அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கவே பெரிய இலக்கியம் ஒன்று உருவானது. முதலில் பிரமிடு உள்சுவர்களில் மன்னர்களுக்கு மட்டும் எழுதினார்கள். பிறகு வசதி படைத்தவர்களின் சவப்பெட்டிப் பலகைகளில் எழுதினார்கள். அதற்கும் பிறகு பாப்பிரஸ் சுருள்களில் எழுதிப் பிணத்தோடு வைத்தார்கள். இந்தக் கடைசி வகையைத்தான் ‘இறந்தோர் நூல்’ என்கிறோம். 1842இல் ஜெர்மானிய அறிஞர் லெப்சியுஸ் டியூரின் நகரில் இருந்த சுருளை அச்சிட்டபோது ஒட்டிக்கொண்ட பெயர் அது. எகிப்தியர் அதைப் ‘பகலில் வெளிவருதல்’ என்றே சொன்னார்கள். சாவைவிட வெளியே வருவதில்தான் அவர்களுக்கு அக்கறை.

பயணம் பிணத்தைப் பதப்படுத்தும் கூடத்தில் தொடங்குகிறது. இடது விலாவைக் கீறி உள்ளுறுப்புகளை எடுத்து, நேட்ரான் உப்பில் உலர்த்தி, துணியில் சுற்றி நான்கு ஜாடிகளில் வைத்தார்கள். ஜாடிக்கு ஒருவராக நான்கு காவலர்கள், ஹோரஸ் என்ற தெய்வத்தின் நான்கு பிள்ளைகள். மனித முகம் கொண்ட இம்செட்டியிடம் கல்லீரல். பபூன் குரங்கு முகம் கொண்ட ஹாப்பியிடம் நுரையீரல். நரி முகம் கொண்ட துவாமுதெஃப்பிடம் இரைப்பை. வல்லூறு முகம் கொண்ட கெபெசெனுஎஃப்பிடம் குடல். இந்த ஹாப்பியும் நைல் வெள்ளத்தின் தெய்வமான ஹாப்பியும் வேறு வேறு. காவலர்களுக்கும் காவல் தேவைப்பட்டது போலும். ஐசிஸ், நெப்திஸ், நெயித், செர்கெத் என்ற நான்கு தேவியர் ஆளுக்கு ஒருவராக அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். துத்தன்காமுனின் கல்லறையில் கிடைத்த தங்க முலாம் பூசிய பேழையைச் சுற்றிக் கை விரித்து நிற்பவர்கள் இவர்கள்தான்.

ஜாடி மூடிகளில் விலங்கு முகங்கள் தொடக்கத்தில் இல்லை. நெடுங்காலம் நான்கு மூடிகளிலும் மனித முகமே இருந்தது. பதினெட்டாம் அரச மரபின் கடைசிக் காலத்தில்தான் குரங்கும் நரியும் வல்லூறும் வந்து சேர்ந்தன. அப்புறம் வழக்கமே மாறியது. பதப்படுத்திய உறுப்புகளைப் பொட்டலமாகக் கட்டித் திரும்ப வயிற்றுக்குள்ளேயே வைக்கத் தொடங்கினார்கள், கூடவே நான்கு பிள்ளைகளின் சின்ன மெழுகு உருவங்களையும். ஜாடியை மட்டும் விட மனம் வரவில்லை. உள்ளே குடையாத, மூடி திறக்காத போலி ஜாடிகளைச் செய்து கல்லறையில் வைத்தார்கள். எதைக் காப்பதற்கென்று அந்த நான்கு பேர் வந்தார்களோ அது போய்விட்ட பிறகும் அவர்கள் அங்கேயே நின்றார்கள்.

அடுத்தது ஆறு. நைல் நதிக்கரை மக்களின் மறுஉலகத்தில் தோணித்துறை இல்லாமல் இருக்குமா? அங்கே படகோட்டி ஒருவன் இருக்கிறான்; பெயர் மஹாஃப், ‘பின்னால் பார்ப்பவன்’. படகைத் தள்ளிக்கொண்டு போகிறவன் முகம் திரும்பியே இருக்கும் என்பதால் வந்த பெயராக இருக்கலாம். ஆனால் படகு அவன் பொறுப்பில் இல்லை. அதை வைத்திருப்பவன் அகென் என்ற வேறொருவன், அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். எழுப்பச் சொல்லிக் கேட்டால் மஹாஃப் ஒவ்வொரு சாக்காகச் சொல்கிறான். படகு பட்டறையில் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. தண்ணீர் இறைக்கும் கலயம் இல்லை. கட்டக் கயிறு இல்லை. எல்லாவற்றுக்கும் செத்தவர் பதில் சொல்லி முடித்ததும் கடைசியாக ஒரு தடை: விரல் எண்ணத் தெரியாத ஆளையா கூட்டிவந்தாய் என்று அக்கரையில் இருக்கும் பெரிய தெய்வம் கேட்குமே! உடனே செத்தவர் பத்து விரலையும் மடக்கி எண்ணிக் காட்ட வேண்டும். அதற்கென்றே குழந்தைப் பாட்டு மாதிரி ஒன்று அந்த நூல்களில் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க எழுத்தராகவோ அதிகாரியாகவோ இருந்த ஒருவர், செத்த பிறகு ஆற்றங்கரையில் நின்று விரல் எண்ணிக் காட்டுகிறார்!

அதோடும் முடியவில்லை. படகின் ஒவ்வொரு பாகமும் வாய் திறந்து தன் பெயரைக் கேட்கிறது. முளையடிக்கும் கொட்டாப்புளியின் பெயர் ஆப்பிஸ் காளையின் கால். பாயின் பெயர் நூத், அதாவது வானம். இப்படி முளை, கயிறு, பாய்மரம், துடுப்பு, காற்று, கரை வரைக்கும் போகிறது பட்டியல். பெயர் சொல்லச் சொல்ல, பிரிந்து கிடந்த படகு ஒன்றுசேர்கிறது.

கரையேறினால் வாசல்கள். இறந்தோர் நூலின் 144ஆம் மந்திரம் ஏழு வாசல்களைச் சொல்கிறது. 146ஆம் மந்திரத்தில் இந்த எண்ணிக்கை இருபதைத் தாண்டுகிறது. ஏழு வாசல் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர்: கதவைத் திறப்பவன், காவல் நிற்பவன், வந்திருப்பது யார் என்று உள்ளே போய்ச் சொல்பவன். அரண்மனை வாசலில் இருந்த ஏற்பாடு அப்படியே மறுஉலகத்துக்குப் போயிருக்கிறது. பெயர்கள்தான் விசேஷம். ஒருவன் ‘முகம் தலைகீழானவன்’. அவன் பக்கத்தில் நிற்பவன் ‘ஒட்டுக்கேட்பவன்’. இன்னொருவன் ‘புழுவைத் தின்று வாழ்பவன்’. மூன்றாம் வாசல்காரனின் பெயரை நாகரிகம் கருதிச் சுற்றிவளைத்துச் சொன்னால், தன் பின்புறத்து அழுகலைத் தானே தின்கிறவன். அருவருப்பை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பெயரைத் தற்செயலாக யாரும் ஊகித்துவிட முடியாது, ஓலை படித்தவனுக்குத்தான் தெரியும்.

இந்தக் காவலர்களைக் கண்ணால் பார்க்கச் சிறந்த இடம், இரண்டாம் ராம்செஸின் பட்டத்தரசி நெஃபெர்தாரியின் கல்லறை. 1904இல் இத்தாலியரான ஸ்கியாபரெல்லி கண்டுபிடித்தது. உப்புப் பூத்து உரிந்துகொண்டிருந்த ஓவியங்களை 1986 முதல் 1992 வரை எகிப்தியத் தொல்லியல் துறையும் கெட்டி நிறுவனமும் சேர்ந்து காப்பாற்றின. சவப்பெட்டி வைத்த அறையின் சுவரோரமாக வாசல் வாசலாகக் காவலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் கத்தி. விலங்குத் தலை. பெரும்பாலும் பக்கவாட்டு முகங்களையே வரைந்த எகிப்திய ஓவியர்கள், இங்கே சில காவலர்களை மட்டும் நேராக நம்மைப் பார்க்கும்படி வரைந்திருக்கிறார்கள். சுவர் முழுக்க எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் திரும்பி நம்மையே முறைப்பது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

வாசல்களைத் தாண்டினால் இரு மாத் மண்டபம். மாத் என்பது உண்மை, நீதி, ஒழுங்கு எல்லாம் சேர்ந்த சொல். அதுவே ஒரு தேவியின் பெயரும்கூட. மண்டபத்தின் சுவரோரமாக நாற்பத்திரண்டு நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எகிப்தின் மாவட்டங்கள் நாற்பத்திரண்டு என்பதோடு இந்த எண்ணைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். செத்தவர் ஒவ்வொருவரையும் பெயரும் ஊரும் சொல்லி விளித்து, இன்ன குற்றத்தை நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். ஹீலியோபோலிஸ்காரர் ‘அகல அடி வைப்பவர்’. ஹெர்மோபோலிஸ்காரர் ‘மூக்கன்’. அந்த ஊர் நீண்ட அலகுள்ள ஐபிஸ் பறவைத் தலை கொண்ட தோத் தெய்வத்தின் ஊர் என்று தெரிந்தால் பெயரின் குறும்பு புரியும். முதலைத் தெய்வத்தின் ஊரான ஃபயூமிலிருந்து வந்தவர் ‘வெண்பல்லன்’. ‘நிழல் விழுங்கி’, ‘எலும்பு முறிப்பான்’, ‘ரத்தம் குடிப்பவன்’, ‘குடல் தின்பவன்’ என்று மற்றவர்களும் இந்த ரகம்தான்.

இத்தனை கொடூரமான பெயர்க்காரர்கள் விசாரிக்கும் குற்றங்களோ அன்றாடம் ஊரில் நடப்பவை. கொலை, களவு இருக்கின்றன. கூடவே தானிய மரக்காலைக் குறைத்து அளப்பது, அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது, தேவைக்கு மேல் பேசுவது, எரிந்து விழுவது ஆகியவையும் இருக்கின்றன. வாய்க்கால் தண்ணீரை மறித்தேனா என்பதற்கும் இந்த மண்டபத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நைல் வெள்ளத்தைப் பங்கு போட்டுப் பிழைத்த சமூகத்தில் அது சின்னக் குற்றம் அல்ல.

நடுவர்கள் விட்டாலும் கட்டடம் விடாது. நிலைக்கால் வழிமறித்துத் தன் பெயர் கேட்கிறது. அதன் பெயர், கொத்தனார் சுவர் பார்க்கும் தூக்குக்குண்டு; உண்மையின் தூக்குக்குண்டு. தாழ்ப்பாள் கேட்கிறது; அதன் பெயர் ‘தாயின் கால்விரல்’. ஏன் அப்படி என்பதற்கு நூலில் விளக்கம் கிடையாது. கடைசியில் தரையே பேசுகிறது. என்மேல் பதியப்போகும் உன் இரண்டு பாதங்களுக்கும் என்ன பெயர், சொல், பிறகு நடக்கலாம் என்கிறது. இங்கே சிறுதெய்வம் என்பதன் எல்லை மரச்சாமான் வரை வந்துவிடுகிறது. பெயர் இருக்கிற எதற்கும் உயிர் இருந்தது, அதிகாரமும் இருந்தது.

மண்டபத்தின் நடுவே தராசு. ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் மாத் தேவியின் இறகு. முள்ளைச் சரிபார்ப்பவர் நரித்தலை அனுபிஸ், எழுதிக்கொள்பவர் தோத். இவர்கள் பெரிய தெய்வங்கள். தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னவர்கள்தான் சுவாரசியமானவர்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள அனி என்ற எழுத்தரின் சுருளில் (கி.மு. 1250 வாக்கு, ஏறத்தாழ 24 மீட்டர் நீளம்) அவர்களைத் தெளிவாகப் பார்க்கலாம். ஷாய் என்பவர் விதி. ரெனெனுதெத் வளர்த்தெடுக்கும் தாய். மெஸ்கெனெத் ஒரு செங்கல்; செங்கல்லுக்குப் பெண்ணின் தலை. எகிப்தியப் பெண்கள் செங்கற்கள்மேல் குந்தியிருந்து பிள்ளை பெற்றார்கள். பிறக்கும்போது காலடியில் இருந்த அதே செங்கல், தீர்ப்பு நாளில் சாட்சிக்கு வந்து நிற்கிறது.

தராசின் இன்னொரு பக்கம் காத்திருப்பவள் அம்மித், ‘விழுங்குபவள்’. முதலைத் தலை, சிங்கத்தின் முன்னுடல், நீர்யானையின் பின்னுடல். ஆளைக் கொல்லும் மூன்று விலங்குகளை ஒட்டவைத்த உருவம். இதயம் இறகுக்குச் சமமாக நிற்கவில்லை என்றால் அவள் அதைத் தின்றுவிடுவாள். ஆள் மறுபடி செத்துப்போவார், இந்த முறை நிரந்தரமாக. வேதனை நீண்டுகொண்டே போகும் நரகத்தைவிட, இல்லாமலே போய்விடுவதுதான் எகிப்தியருக்குப் பெரிய பயம். ஆனால் எந்தச் சுருளிலும் அம்மித் யாரையும் தின்பதாகப் படம் இல்லை. சுருள் வாங்கியவர் காசு கொடுத்தது தான் ஜெயிப்பதற்கல்லவா. ஓவியர் அவளை வாயைத் திறந்தபடியே காத்திருக்க வைத்துவிட்டார். இதயம் தன்னையே காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. எனக்கெதிராகச் சாட்சி சொல்லாதே என்று இதயத்தைக் கெஞ்சும் மந்திரத்தைக் கல் வண்டின் அடியில் பொறித்து மார்பில் வைத்தார்கள்.

இதே மூன்று விலங்குகளைச் சேர்த்து எகிப்தியர் இன்னொரு தெய்வமும் செய்தார்கள். அவள் தவெரெத்: நீர்யானை வயிறு, சிங்கக் கால், முதலை முதுகு. அவள் வேலை கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் காப்பது. வீட்டில் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள், கட்டில் காலில்கூடச் செதுக்கினார்கள். வெறுங்கோபமாக அம்மித்திடம் தெரிகிற அதே உடல், தவெரெத்திடம் பிள்ளையைத் தொட வருகிறவனை விரட்டும் கோபமாகிறது.

ஷெஸ்முவும் இப்படி இரு முகம் கொண்டவன். திராட்சை பிழியும் ஆலையும் வாசனைத் தைலமும் அவன் துறை; நல்லவர்களுக்கு மது கொண்டுவருவான். கெட்டவர்களுக்கு அதே ஆலையில் தலைகளைப் போட்டுப் பிழிவான். துணிப் பையில் பழத்தைப் போட்டு இரு முனையிலும் கோல் கொடுத்து முறுக்கும்போது வழிகிற சிவப்புச் சாற்றைப் பார்த்த யாருக்கோ தோன்றிய கற்பனையாக இருக்க வேண்டும். உனாஸ் மன்னனின் பிரமிடில், தெய்வங்களையே வெட்டி மன்னனுக்குச் சமைத்துப் போடுகிறவனாகவும் வருகிறான்.

மெட்ஜெதின் கதை வேறு மாதிரி. 17ஆம் மந்திரத்தில் ஓரிரு வரியில் வந்து போகும் பெயர் அது. ‘அடிப்பவன்’ என்று பொருள். கண்ணுக்குத் தெரியாதவன், பார்வையாலேயே தாக்குபவன் என்பதைத் தவிர வேறு செய்தி இல்லை. கி.மு. பத்தாம் நூற்றாண்டில் தீப்ஸ் நகரத் தலைமைப் பூசாரியின் மகள் நெசிதானெபெதிஷெருவுக்காக எழுதிய சுருளில் இவனை ஓர் ஓவியர் வரைந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாதவனை எப்படி வரைவது? தலையோடு போர்வையைப் போர்த்திவிட்டார். இரண்டு கண், கீழே இரண்டு பாதம், அவ்வளவுதான். 37 மீட்டர் நீளமுள்ள இந்தச் சுருள் 2012இல் கண்காட்சிக்காக ஜப்பான் போனபோது, அங்குள்ள இளைஞர்கள் அந்தப் போர்வைக்காரனிடம் மயங்கிப் போனார்கள். பொம்மை, விளையாட்டு, கார்ட்டூன் என்று அவன் பரவினான். மூவாயிரம் ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு காவலனுக்கு டோக்கியோவில் கிடைத்த வாழ்வு இது.

மறுஉலகத்தில் அன்பான முகங்களும் உண்டு. மேற்குத் திசையே இமெந்தெத் என்ற பெண்ணாகி, வருகிறவரைக் கைநீட்டி வரவேற்கும். அத்திமரத்திலிருந்து ஒரு தேவி பாதி உடலாக எட்டிப் பார்த்து, களைத்து வந்தவர் கையில் தண்ணீர் ஊற்றுவாள். அரசர் பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் கூம்பு மலையில் குடியிருந்தவள் மெரெத்செகெர், ‘மௌனத்தை விரும்புபவள்’, நாகவடிவத் தேவி. கல்லறை தோண்டிய தொழிலாளர்கள் வாழ்ந்த தைர் அல்-மெதினா கிராமத்துக்கு அவள்தான் காவல் தெய்வம். அந்த ஊரைச் சேர்ந்த நெஃபெராபு என்பவர் நிறுத்திய நடுகல் இன்று டியூரினில் இருக்கிறது. அறியாமல் மலையம்மையிடம் தப்புச் செய்துவிட்டதாகவும், பிரசவச் செங்கல்மேல் இருக்கும் பெண்போல் வலியில் துடித்ததாகவும், பிறகு அவள் இரக்கப்பட்டுக் குணமாக்கியதாகவும் அதில் எழுதியிருக்கிறார்.

இத்தனை பேரையும் தாண்டி வந்தவர் கடைசியில் தாமே ஒரு சிறுதெய்வமாகிவிடுகிறார். எகிப்தியர் கணக்கில் ஒரு மனிதருக்குப் பல கூறுகள் உண்டு. ‘பா’ என்பது மனிதத் தலையுள்ள பறவை. பகலில் கல்லறையைவிட்டுப் பறந்து திரிந்து இரவில் உடலுக்குத் திரும்பும். ‘கா’ படையல் உணவில் வாழும். தீர்ப்பில் வென்றவர் ‘அக்’ ஆகிறார், ஒளி பெற்ற ஆவி. அக் ஆனவருக்குச் சக்தி உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு நல்லதும் செய்யலாம், நோயும் தரலாம். தைர் அல்-மெதினா வீடுகளில் முன்னோரின் மார்பளவுச் சிலைகளை வைத்திருந்தார்கள்.

அக் ஆனவர்களுக்குக் கடிதமும் எழுதினார்கள். கார்டினர், சேத்தே என்ற இரு அறிஞர்கள் 1928இல் இவற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள். பல கடிதங்கள் மண்கிண்ணங்களின் உள்பக்கத்தில் எழுதியவை. படையல் சோற்றை அதில் வைத்தால், சாப்பிட வருகிற ஆவி செய்தியைப் படிக்காமல் போக முடியாது. சொத்துத் தகராறு, தீராத நோய், வேலைக்காரியின் காய்ச்சல் என்று விஷயங்கள் எல்லாம் வீட்டு விஷயங்கள்.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் இவற்றில் நீளமானது. எழுதியவர் ராம்செஸ் மன்னர்களின் காலத்து அதிகாரி ஒருவர். எழுதியது இறந்துபோன மனைவி அங்கிரிக்கு. என்னை ஏன் இப்படி வதைக்கிறாய் என்று தொடங்குகிறார். சின்ன வயதில் உன்னைக் கட்டினேன், பதவி உயர்ந்தபோதும் உன்னைத் தள்ளிவைக்கவில்லை. நீ நோயில் விழுந்தபோது நல்ல வைத்தியரை வைத்துப் பார்த்தேன். நீ போன செய்தி வந்தபோது மன்னருடன் தெற்கே இருந்தேன். சோறும் தண்ணீரும் சரியாக இறங்கவில்லை. திரும்பி வந்து ஊர்சனத்தோடு அழுதேன், உன்னைச் சுற்ற நல்ல துணி கொடுத்தேன். மூன்று வருஷமாகத் தனியாக இருக்கிறேன், வீட்டில் இருக்கும் எந்தப் பெண்ணிடமும் போகவில்லை. இதற்குமேல் என்ன செய்ய வேண்டும்? மேற்கில் இருக்கும் தெய்வங்களின் சபையில் உன்மேல் வழக்குத் தொடுப்பேன், அவர்கள் இந்த ஓலையைப் படித்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்கிறார். கடிதம் போய்ச் சேர வேண்டுமே! அதைச் சுருட்டி, ஒரு சின்னப் பெண் பொம்மையோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்.